பெண் முயலுக்குக் கருப்பை அகற்றும் சத்திர சிகிச்சை அவசியமா?

கமக்காரர் இல்லங்களிற் பிள்ளைகளின் விருப்பத்திற்காக ஒன்றிரண்டு முயல்கள் வளர்க்கப்படுவதுண்டு. இறைச்சிக்காகவும் குட்டிகளுக்காகவும் வளர்க்கப்படும் முயல்கள் இனம்பெருக்க வேண்டியவை. அவை பற்றி இங்கு ஆராய வேண்டியதில்லை. செல்லப் பிராணியாக நெடுங்காலம் வைத்திருக்கும் பெண் முயலின் சூலகங்களையும் கருப்பையையும் அகற்றுவித்தல் நன்றா என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் பொருளாகும்.

குட்டிகளைத் தடுத்தல்

பசுவைப் போல முயலுக்குக் குறித்த நாட்களில் வேட்கை வருவதில்லை. ஆணுடன் சேர்ந்து ஏறக்குறைய 10 மணித்தியாலத்தின் பின்னரே சூல் வெளிப்படுகின்றது. ஆதலால் இரண்டும் ஒரு கூட்டிற் சில நிமிடங்கள் இருப்பினும் சினை தங்கக்கூடும். சுமார் 31 நாட்களிற் குட்டிகள் பிறக்கும்; ஈன்ற அன்றே தாய் மீண்டும் சினைப்படவும் கூடும். எனினும், இதனைத் தடுப்பதற்கு ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு கூடுகளில் அடைத்தலே போதும். ஆணுக்கு விதையகற்றுவிப்பினும், அதன் பின் ஆறு வாரங்கள் பெண்ணுடன் சேரவிடலாகாது. ஆகவே, குட்டிகள் வேண்டாம் என்பது மட்டும் பெண் முயலின் வயிற்றைக் கீறுவதற்குத் தக்க காரணமன்று.

சிகிச்சையின் பயன்

தக்க காரணம் கருப்பைப் புற்றுநோயாகும். வயது ஏற ஏற இந்நோய் பெருகுகின்றது. ஆராயப்பட்ட சில முயற் கூட்டங்களில், நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களுட் பாதிக்கு மேற்பட்டவை இந்நோய் கொண்டிருந்தன. எல்லா இனங்களிலும் இவ்வளவு ஒரே தன்மையாயிராது. ஒரு முறை குட்டி ஈன்றால் நோய் வராது என்று எண்ணுதல் தவறு. ஈன்றவற்றிற்கும் ஈனாதவற்றிற்கும் அது வரும். நோய் மெதுவாக வளர்ந்து, பின்னர் நுரையீரலுக்குப் பரவுகின்றது. பரவுமுன் கருப்பையை அகற்றுவித்தால் முயல் பிழைக்கும். இச்சிகிச்சையாற் பொய்ச்சினையும் ஒழியும். அதாவது, சினையின்றியே மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டித் துன்புறுதல் நீங்கும்.

சிகிச்சையின் ஆபத்து

மயக்க மருந்தைத் தாங்குவதில் முயல் மெலிந்த பிராணி. பிரித்தானியாவில் 2008 இல் வெளியான ஆய்வொன்றின்படி, மயக்க மருந்து பெற்ற நாய்களில் 0.17 வீதமும், பூனைகளில் 0.24 வீதமும், முயல்களில் 1.39 வீதமும் இறந்தன. நலமான முயல்களை மட்டும் கணக்கிடின் 0.73 வீதமாகும். இதிலிருந்து, முயல் நலமாயிருக்கும்போதே சிகிச்சை செய்வித்தல் நன்று என்பது புலனாகும்.

தீர்மானிக்கும் முறை

1. வயது ஐந்து மாதத்திற்கும் இரண்டு வருடத்திற்கும் இடைப்பட்டதாயிருத்தல் வேண்டும்.

2. தும்மல், மூக்கிற் சளி, கழிச்சல் என்பன இருந்தால் அவை மாறும்வரை பொறுத்தல் வேண்டும்.

3. முயல்களுக்கு இச்சிகிச்சை செய்து பழக்கமுண்டோ என மிருக வைத்தியரிடம் முன்னரே வினவ வேண்டும். பழக்கமில்லையெனின் அவசரப்படலாகாது.

இம்மூன்றும் பொருந்துமாயின், சிகிச்சை செய்வித்தலே உத்தமம்.

பராமரிப்பு

முயல் வாந்தியெடுக்கமாட்டாது, ஆதலால் முதல்நாளிரவு பட்டினி போடலாகாது. வழக்கமாகத் தின்னும் புல்லைச் சிகிச்சை நாளிலும் உடன் கொண்டு செல்க. வீடு திரும்பியபின் 12 மணித்தியாலத்துள் இரை தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், தாமதியாது வைத்தியரிடம் காட்டுக. பத்து நாட்களுக்குக் கூட்டைத் துப்புரவாகவும் உலர்ந்ததாகவும் வைத்து, தையலைத் தினமும் பார்த்தல் வேண்டும். மனிதருக்குக் கொடுத்து எஞ்சிய மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. பெனிசிலின், அமொக்சிசிலின் என்பவற்றை வாய்வழி கொடுத்தால் குடல் கெட்டு முயல் இறக்கும்.

சிகிச்சை செய்விக்காவிடின்

பெண் முயல் மூன்று வயதை அடைந்தபின் ஆறு மாதத்திற்கொரு முறை வைத்தியரிடம் வயிற்றைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். சில இலைகளைத் தின்பதாலும் சிறுநீர் செந்நிறமாகும், அது தீங்கன்று. ஆனால் சிறுநீரின் முடிவில் இரத்தத் துளிகளோ கட்டிகளோ காணப்படின், அது கருப்பை நோயின் குறியாயிருக்கலாம். அந்நிலையில் மறுநாளுக்கென ஒத்திவைத்தல் ஆகாது.