இரு கரையிலும் ஒரு வீடு

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. எதிலும் உறுதியாக நில்லாதவனை இடித்துரைக்கும் சொல் அது. ஆனால், ஆற்றின் இக்கரையில் ஒரு காலும் அக்கரையில் மற்றொரு காலும் ஊன்றி ஒருவன் நிற்க முடியுமா? இரு கரையும் இரு நாடுகளாக இருந்தால், இரண்டிலும் "நான் நிலையாகக் குடியிருப்பவன்" என்று அவன் உரிமை கொண்டாட இயலுமா? இவ்வினாவை இன்று ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் இடையேயுள்ள எல்லையின் நீளம் 8,891 கிலோமீட்டர். அவ்வெல்லையில் டெட்ராயிட் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் வடகரையில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரம். தென்கரையில் கனடாவின் விண்ட்ஸர் நகரம். வரைபடத்தில் கனடா வடக்கே இருப்பதாகவே பார்த்துப் பழகிய மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். 1929-ஆம் ஆண்டில் ஆற்றின்மீது அம்பாஸடர் பாலமும், அடுத்த ஆண்டில் ஆற்றின் அடியில் சுரங்கப் பாதையும் திறக்கப்பட்டன. ஒரு கரையில் உறங்கி, மறு கரையில் உழைத்து வாழ்வோர் அங்கே பலர்.

நிலையான குடியிருப்புரிமை என்பது யாது? அது குடியுரிமை அன்று. அதைப் பெற்றவர் அந்நாட்டின் பொதுத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அந்நாட்டின் பாஸ்போர்ட்டும் அவருக்குக் கிடையாது. ஆனால், காலவரையறையின்றி அங்கே வாழலாம். விரும்பிய தொழிலைச் செய்யலாம். அமெரிக்காவில் இதற்கு அடையாளமாக வழங்கும் சீட்டையே மக்கள் "கிரீன் கார்டு" என்கின்றனர்.

இரு நாடுகளிலும் இவ்வுரிமையை ஒருவர் ஏன் நாட வேண்டும்? அமெரிக்காவில் தொழில், குடும்ப உறவு ஆகியவற்றின் அடிப்படையில் வரிசை முறையில் வழங்கப்படும் இடங்களுள், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் ஆண்டிற்கு நூற்றுக்கு 7 பங்கிற்கு மேல் பொதுவாக வழங்கக் கூடாது என்பது விதி. இந்தியாவில் பிறந்து அங்கே தொழில் புரிவோர் மிகப் பலராதலின், அவர்களுடைய வரிசை பல்லாண்டுகளாக நீண்டு நிற்கிறது. கனடாவோ கல்வி, வயது, மொழியறிவு, தொழில் அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஆள் தேரும் முறையை 1967-இல் கொணர்ந்தது. 2015 முதல் அதனை விரைவுபடுத்தியும் உள்ளது. எனவே அமெரிக்காவில் காத்திருப்பவர் சிலர் கனடாவின் உரிமையை முதலில் பெறுகின்றனர். பின்னர் அமெரிக்க உரிமையும் வந்து சேர்கிறது. இப்பொழுது கையில் இரண்டு சீட்டுகள்! ஒன்றைப் பெற்றவர் மற்றதைப் பெறலாகாது என்று இரு நாட்டுச் சட்டங்களிலும் விதி இல்லை. பெறுதல் எளிதாகலாம்; இரண்டையும் காத்தலே அரிது.

அரிதாவது ஏன்? "நிலையான குடியிருப்பு" என்னும் ஒரே தொடருக்கு இரு நாடுகளும் வெவ்வேறு பொருள் கொள்கின்றன. கனடா நாட்களை எண்ணுகிறது. அமெரிக்கா நோக்கத்தை வினவுகிறது.

கனடாவில் 2002-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒவ்வோர் ஐந்தாண்டுக் காலத்திலும் 730 நாட்கள் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். அவை தொடர்ந்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளின் ஒரு பகுதி அங்கே கழிந்தாலும் அது முழு நாளாகவே எண்ணப்படும். கனடா நாட்டுக் குடிமகனாகிய கணவனுடனோ குடிமகளாகிய மனைவியுடனோ வெளிநாட்டில் வாழ்ந்த நாட்களையும் சேர்த்துக் கொள்ளலாம். ஐந்தாண்டில் எஞ்சிய ஏறத்தாழ 1,096 நாட்களை எங்குக் கழித்தாய் என்று அச்சட்டம் கேட்பதில்லை.

அமெரிக்காவின் முறை வேறு. அங்கே இத்தனை நாள் இருந்தால் போதும் என்னும் கணக்கே இல்லை. உன் வீடு எது? உன் தொழில் எங்கே? உன் குடும்பம் எங்கே வாழ்கிறது? வரி செலுத்துங்கால் உன்னை எந்நாட்டில் வாழ்பவனாகக் கூறிக் கொள்கிறாய்? இவற்றின் விடைகளைக் கொண்டு, அந்நாட்டிலேயே நிலைத்து வாழும் நோக்கம் ஒருவருக்கு உண்டா என்று துணிகின்றனர். 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்து திரும்புபவரைப் புதிதாக நுழைபவரைப் போல் விசாரிக்கலாம். ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே தங்கினால், திரும்பி வருவதற்குக் கிரீன் கார்டு மட்டும் போதாது. முன்கூட்டியே விண்ணப்பித்து, இரண்டாண்டு வரை செல்லும் மறுவருகை அனுமதி பெறலாம். ஆயினும் அதுவும் நோக்கத்திற்குச் சான்றேயன்றி முழுக் காப்பு அன்று.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாண்டில் இரண்டாண்டு கனடாவில், மூன்றாண்டு அமெரிக்காவில் என்று பங்கிட்டால் கனடாவின் எண்ணிக்கை நிறைவேறுகிறது. ஆனால் அந்த இரண்டாண்டில் கனடாவில் வீடு வாங்கி, பிள்ளைகளையும் அங்கே பள்ளியில் சேர்த்து வாழ்பவரை நோக்கி, "உமது நிலையான இல்லம் எது?" என்று அமெரிக்க அதிகாரி வினவினால் என்ன விடை கூறுவது? நாட்களைப் பங்கிடலாம், நோக்கத்தைப் பங்கிட முடியாது.

எனினும் இந்த முட்டுப்பாட்டுக்குச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. கனடாவிலோ மெக்ஸிகோவிலோ குடியிருந்து, எல்லை கடந்து அமெரிக்காவில் வேலை செய்து திரும்புபவரை அங்கே நிலையான குடியிருப்புரிமையாளராகவே நடத்தும் வழக்கம் 1927-இல் தோன்றியது. வீடு வெளிநாட்டில் இருக்க, "அமெரிக்காவில் நிலையாக வாழ்பவர்" என்று ஒருவரை எப்படிக் கூறலாம் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 1974-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நாள்தோறும் வந்து செல்வோர்க்கு இவ்வழக்கம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆகவே விண்ட்ஸரில் குடியிருந்து டெட்ராயிட்டில் பணிபுரியும் ஒருவர், முறைப்படி அறிவித்துத் தம் சீட்டை எல்லை கடந்து பணிபுரிவோர்க்குரியதாக மாற்றிக் கொண்டால், இரு உரிமைகளையும் நேர்மையாகக் காத்துக் கொள்ளலாம். இரவுகள் கனடாவின் கணக்கில் சேர்கின்றன. வேலை அமெரிக்காவின் கேள்விக்கு விடையாகிறது.

ஆனால் அந்த வாயில் குறுகியது. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். கணவர் அவ்வாறு டெட்ராயிட்டில் பணிபுரியும் பொறியாளர். மனைவியும் மகளும் அவருடன் விண்ட்ஸரில் இருக்கின்றனர். மதுரையில் அவருடைய தந்தை நோய்வாய்ப்படுகிறார். வேலையை விட்டுவிட்டுத் தந்தையின் அருகிலிருந்து எட்டு மாதம் பணிவிடை செய்கிறார் மகன். கனடாவைப் பொறுத்தமட்டில் ஏறத்தாழ 240 நாட்கள் எண்ணிக்கையில் சேரவில்லை. மற்ற நாட்கள் மிகுதியாக இருப்பதால் அவ்வுரிமைக்கு ஊறு இல்லை. அமெரிக்காவிலோ, இவ்வகையினர் தொடர்ந்து ஆறு மாதம் வேலையின்றி இருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, உரிமையை இழந்தவராகவே கருதப்படுவர். தந்தைக்குச் செய்த கடமை பிழையன்று. ஆனால் உரிமை வேலையோடு கட்டப்பட்டிருந்தது. விதியை முன்பே அறிந்திருந்தால், அவர் விலக்கிற்கு வழி தேடியிருக்கலாம். அல்லது விடுப்பின் அளவைத் திட்டமிட்டிருக்கலாம்.

உரிமை நீங்கியதென்று எல்லையிலுள்ள அதிகாரி கூறிய அளவில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் குடியேற்ற நீதிபதியின்முன் வழக்காட உரிமை உண்டு. அதனை உணராது, உரிமையைத் துறக்கும் தாளில் கையொப்பமிடுவது பேதைமை. கனடாவிலும் மேல்முறையீடு உண்டு. அங்கே மனிதாபிமானக் காரணங்களையும் குழந்தைகளின் நலனையும் கருதுகின்றனர்.

இத்துணைத் தொல்லைக்கு மாறாக, ஒரு நாட்டின் குடிமகனாகவே ஆகிவிடலாமே என்று கேட்கலாம். கனடாவில் நிலையாகக் குடியிருப்போர் ஐந்தாண்டில் 1,095 நாட்கள் அங்கே வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடிமகனாகிவிட்டால் நாள் கணக்கு இல்லை. மற்ற நாட்டு உரிமை ஒன்றை மட்டும் காத்தால் போதும். ஆனால் இந்தியர் ஒருவர் தாமே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், நமது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். குடியிருப்புரிமையோ, ஒன்றாயினும் இரண்டாயினும், அதனைத் தீண்டுவதில்லை. நம்மவர் பலர் இரு சீட்டுகளைச் சுமந்தும் மூன்றாவதான தாய்நாட்டின் உரிமையை விடத் தயங்குவதன் காரணம் இதுவே.

நாளை உங்களுள் சிலரும் அக்கரைக்குச் செல்லக்கூடும். அன்று இரண்டு சீட்டுகள் உங்கள் கைக்கு வந்தால், அவற்றை இரண்டு சொத்துகள் என்று எண்ண வேண்டாம். இரண்டு வாக்குறுதிகள் என்று எண்ணுங்கள். ஒரு நாடு நாட்களைக் கேட்கிறது. மற்றது நோக்கத்தைக் கேட்கிறது. எது என்ன கேட்கிறதென்று அறிந்து வாக்குக் கொடுப்பவனுக்கு ஆற்றின் இரு கரையும் கரையே. அறியாதவனுக்கு இரண்டும் சேறு.