முழு வேகத்தில் திக்கும் மோட்டார்

கடலூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஃபைபர் படகு, கெடிலமும் பரவனாறும் கலக்கும் முகத்துவாரத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். பரங்கிப்பேட்டை அன்னங்கோயில் படகுகளுக்கு வெள்ளாற்று முகத்துவாரம். இரண்டிலும் மணல் திட்டு சேரும், திட்டின் மேல் அலை உடையும். இரண்டு அலைகளுக்கு இடையே கிடைக்கும் சிறு அவகாசத்தில் படகு பாய்ந்து வெளியேற வேண்டும். ஆற்றுக்குள் சீராக ஓடிய அவுட்போர்டு மோட்டார், ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகும் அந்த நேரத்தில் திக்கினால், படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கவிழக்கூடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பெருமளவு பிடித்துக்கொண்டது. துடுப்பை நம்பியிருந்த இடத்தில் இன்று மோட்டாரை நம்பியிருக்கிறோம். அதனால் ‘மிஸ்ஸிங் அடிக்குது’, ‘பிக்கப் இல்லை’ என்று சொல்லப்படும் இந்தக் கோளாறை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. ஆனால் நாம் அதைத் தேடும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பிளக்கை மாற்றுகிறோம், பிறகு கார்பரேட்டரைக் கழற்றுகிறோம், அதன்பின் காயிலை வாங்குகிறோம். எரிபொருள் கேனைக் கடைசியில்தான் பார்க்கிறோம், பல நேரம் பார்ப்பதே இல்லை. கேனிலிருந்து தொடங்கி இஞ்சினை நோக்கி வருவதே சரியான வரிசை.

இதற்குக் காரணம் மோட்டாரின் பசியில் இருக்கிறது. விசிறி தண்ணீரைத் தள்ளுவதற்கு வேண்டிய சக்தி, சுழலும் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. முழு வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே தேவைப்படும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். 9.9 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர் குடிக்கும். சும்மா உறுமிக்கொண்டிருக்கும்போது ஒரு லிட்டர்கூட வேண்டாம். எரிபொருள் வரும் வழி பாதி அடைபட்டிருந்தாலும் மெதுவாக ஓடும் இஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது. முழுதாகத் திருகும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். மெதுவாக நன்றாக ஓடுகிறது, வேகத்தில் மட்டும் திக்குகிறது என்றால், முதல் சந்தேகம் எரிபொருள் வரத்தின் மேல் விழ வேண்டும்.

இந்தச் சந்தேகத்தைச் சோதிக்கக் காசு செலவில்லை. கேனுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஓஸில் ஒரு ரப்பர் பல்பு இருக்கிறது. ஆற்றின் ஆழமான பகுதியில் படகை முழு வேகத்தில் விட்டு, திக்கத் தொடங்கியதும் உடன் இருப்பவர் அந்தப் பல்பை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். இஞ்சின் உடனே தெளிந்து ஓடினால், கோளாறு பெரும்பாலும் இஞ்சினுக்குள் இல்லை, எரிபொருள் போதுமான அளவில் வந்து சேரவில்லை. மோட்டாரில் உள்ள பம்புக்குள் ஒரு மெல்லிய டயாஃப்ரம் இருக்கிறது. அது விறைத்தாலும் கிழிந்தாலும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அமுக்காமலே பல்பு சப்பிப்போனால் அடைப்பு பல்புக்கும் கேனுக்கும் இடையில் இருக்கிறது. கேன் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்காமல் விட்டதும் அப்படி ஓர் அடைப்புதான், அதற்கு ஓர் அடையாளமும் உண்டு: கிளம்பியவுடன் திக்காது, சில நிமிடம் ஓடியபின் தொடங்கும், நிறுத்திச் சற்று நேரம் கழித்து எடுத்தால் சரியாக இருப்பதுபோல் தெரியும். பல்பு எவ்வளவு அமுக்கியும் கெட்டிப்படவில்லை என்றால் எங்கோ இணைப்பில் காற்று இழுக்கிறது. பழைய ஓஸின் உள்பூச்சு உரிந்து, இழுப்பு கூடும்போது மட்டும் வழியை மறைப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் ஓஸ் புதிதுபோல இருக்கும். இவ்வளவையும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்றால், சுத்தமான எரிபொருளோடு வேறொரு கேனையும் ஓஸையும் மாட்டி ஓட்டிப் பார்த்தால் போதும். பாதிக் கேள்விக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

எரிபொருளே இப்போது மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022இல் பெட்ரோலில் 10 சதவீதமாக இருந்த எத்தனால் 2025இல் 20 சதவீதமாகிவிட்டது. எத்தனால் தண்ணீரோடு கலக்கும் குணம் கொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் கடலுக்குப் போகாத நாட்களில் பாதி நிரம்பிய கேன் ஈரக்காற்றில் கிடக்கிறது, மழைநீரும் இறங்குகிறது. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து கேனின் அடியில் தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு நாம் கலக்கும் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, ஆயிலே இல்லாத தண்ணீர்க் கலவை பிஸ்டனுக்குப் போகிறது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஓஸும் டயாஃப்ரமும் ஊறிக் கெடுவதும் இதனால்தான். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களும் ஸ்டார்ட் செய்யவும் நிறுத்தவும் பெட்ரோலைத்தான் நம்பியிருக்கின்றன. பல கை மாறி, பல கேன் மாறி வரும் மண்ணெண்ணெயில் தண்ணீரும் துருவும் கலந்திருந்தால் வியப்பில்லை. கண்ணாடி பாட்டிலில் கேனின் அடிப்பகுதி எரிபொருளைப் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கார்பரேட்டரைக் கழுவியதும் சரியாகிவிட்டதே என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. முழு வேகத்துக்கு எரிபொருள் தருவது மெயின் ஜெட். அதன் நுண்துளையில் ஒரு துகள் நின்றால் இதே திக்கல்தான் வரும். ஆனால் அந்தத் துகள் பெரும்பாலும் கார்பரேட்டரில் பிறந்ததல்ல, கேனிலிருந்து வந்தது. ஃபில்டரையும் கேனையும் அப்படியே விட்டு ஜெட்டை மட்டும் ஊதிக் கொடுத்தால், சில வாரங்களில் அதே மோட்டார் அதே கடைக்குத் திரும்பும். அந்த இடைவெளியைப் பார்த்துக் ‘கம்பெனி சரியில்லை’ என்று முடிவுகட்டுவது நியாயமாகாது.

பிளக்கைக் குறை சொல்பவர்களின் வாதம் இன்னும் வலுவானது. மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல் கரி படிய வைக்கும், கரி பிடித்த பிளக் வேகத்தில் கைவிடும். மண்ணெண்ணெய் மோட்டாரில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. அதை மாற்றுவதோடு நிறுத்தாமல் வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம். கறுத்து ஈரமாக இருந்தால் சரியாக எரியவில்லை. வெளுத்து உலர்ந்திருந்தால் எரிபொருள் போதவில்லை. வெளுத்த பிளக்கைத் தூக்கிப் போட்டுப் புதியதை மாட்டினால் முக்கியமான சாட்சியை அழித்துவிடுகிறோம். காயில், வயர் கோளாறுகளும் உண்டு, குறிப்பாக உப்புக் காற்றில் பச்சை பூத்த இணைப்புகள். அவை சட்டென்று வெட்டுவதுபோல் விடும். எரிபொருள் பற்றாக்குறை பெரும்பாலும் மெல்ல மெல்ல இஞ்சினைத் தளர்த்தும். கவனித்துக் கேட்டால் காதுக்கே வித்தியாசம் தெரியும்.

கிள்ளை, பிச்சாவரம் பக்கம் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சதுப்புக்காட்டு ஓடைகளில் மிதக்கும் இலை, வலைத்துண்டு, பிளாஸ்டிக் பை ஆகியவை விசிறியில் சுற்றும், குளிர்விக்கும் நீர் நுழையும் துளையையும் மூடும். அங்கே முதலில் மோட்டாரைத் தூக்கி விசிறியைப் பார்ப்பதுதான் சரி. இஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் பெரும்பாலும் விசிறியின் நடு ரப்பர் வழுக்குகிறது. அதற்கும் எரிபொருளுக்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கோளாறை ஓரிரு நாள் சமாளிக்கலாம், பாதி வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நாலு ஸ்ட்ரோக்கில் அது ஓரளவு செல்லும். டூ ஸ்ட்ரோக்கில் உயவு ஆயில் எரிபொருளோடுதான் வருகிறது. அடைப்பு கூடி எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும், அதே நேரத்தில் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓஸ் ஒன்றில் முடிந்திருக்க வேண்டிய செலவு சிலிண்டர்வரை போகும். பட்டறையில் தண்ணீர் டிரம்மில் மோட்டாரை மாட்டி ‘சரியாகிவிட்டது’ என்று கொடுப்பதையும் ஏற்கக் கூடாது. டிரம்மில் படகின் பாரம் இல்லை, முழு வேகப் பசியும் இல்லை. பரவனாற்றிலோ வெள்ளாற்றிலோ, முகத்துவாரத்துக்கு உள்ளேயே, வலையும் ஆளும் ஏற்றிய படகைப் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பழுது பார்த்த கூலியைக் கொடுக்க வேண்டும். காற்றுத் திருகு அடைப்பும் உள்பூச்சு உரிந்த ஓஸும் தங்களைக் காட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும்.