பெண்கள் சங்கம் ஏன் வெளியே கூட்டிப் போகிறது?

“கூட்டம் போடுறீங்க, சரி. வான் பிடிச்சு எல்லாரும் எங்ககா போறீங்க?”

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக் கிராமங்களில் பெண்கள் அமைப்பொன்றில் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கணவராக இருக்கலாம், பக்கத்து வளவுக்காரராக இருக்கலாம், பெற்ற தாயாகவும் இருக்கலாம். தையல் பயிற்சி, சேமிப்பு, சிரமதானம் என்றால் ஊர் தலையாட்டும். பயணம் என்றதும் முகம் மாறிவிடும். காசைக் கரைத்து ஊர் சுற்றுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பும். சமத்துவத்துக்காக இயங்கும் ஓர் அமைப்பு செய்கிற வேலைகளில் இந்தப் பயணங்களுக்கே முதலிடம் கொடுப்பேன் நான். அதற்கான காரணங்கள் பெரியகல்லாறு போன்ற ஊரில் தெளிவாகவே தெரிகின்றன.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே வந்தால் களுவாஞ்சிக்குடி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, அதற்கடுத்தது பெரியகல்லாறு. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். இன்னும் சற்றுத் தெற்கே போனால் பெரியநீலாவணையும் மருதமுனையும். அது அம்பாறை மாவட்டம். பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், ஆதார வைத்தியசாலை, நீதவான் நீதிமன்றம் எல்லாம் களுவாஞ்சிக்குடியில் இருக்கின்றன. கச்சேரி மட்டக்களப்பில். பஸ்ஸில் போனால் தூரம் பெரிதில்லை. ஆனால் உள்ளே போய் யாரிடம் பேசுவது, எந்த வாங்கில் உட்கார்வது, என்ன கடதாசி கேட்பது என்று தெரியாதவளுக்குக் களுவாஞ்சிக்குடியும் தூரம்தான்.

இந்தப் பகுதிப் பெண்களின் நிலையை வெளியூர்க்காரர் விளங்கிக்கொள்வது கடினம். மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். தாயும் தகப்பனும் ஒதுங்கி அடுத்த மகளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். முன்னர் முக்குவர் சட்டம் என்ற தனி வழமை இங்கே இருந்தது. 1876இல் வந்த திருமணச் சொத்துரிமைக் கட்டளைச் சட்டம் அந்தத் தாய்வழி வாரிசு முறையை நீக்கியது. ஆனாலும் சீதனத்தின் மூலம் வீடு மகள்மாரிடம் போய்ச் சேரும் வழக்கம் நிற்கவில்லை. தென்னாசியாவின் பல பகுதிகளில் பெண்கள் கேட்டுப் போராடுகிற சொத்துரிமை மட்டக்களப்புப் பெண்ணின் கையில் நெடுங்காலமாகவே இருக்கிறது.

ஆனால் வீட்டுப் படலைக்கு வெளியே கதை வேறு. தாய்வழியில் வரும் குடியின் பெயரால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக நிற்பது ஆண். ஊர்க்கூட்டத்தில் பேசுவதும், தோணியில் போவதும், வயல் கண்டத்தில் தண்ணீர் முறை தீர்மானிப்பதும் பெரும்பாலும் ஆண்கள். சபைகளிலும் அதே கதைதான். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 பெப்ரவரி 10 தேர்தலில் முதன்முதல் நடைமுறைக்கு வரும்வரை, நாடு முழுவதிலும் அந்தச் சபைகளில் பெண்கள் 100க்கு இரண்டு பேர்கூட இல்லை. வீடு கையில் இருந்தும் ஊர் விஷயத்தில் குரல் இல்லை. இந்த இடைவெளியைக் கடப்பதற்குத்தான் பெண்கள் அமைப்பு வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டியது. கல்லாற்றுக் கரையையும் சுனாமி அடித்தது. அம்பாறைக் கரையோரத்தில் இடம்பெயர்ந்தோரிடையே பின்னர் நடத்திய ஆய்வொன்றில், பெண்களின் இறப்பு வீதம் ஆண்களுடையதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே பிறந்து வளர்ந்த பெண்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும், எத்தனை பேர் மரம் ஏறிப் பழகியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையில் பிள்ளை, காலைச் சுற்றும் சேலை. வெளியே போகப் பழகாமை என்பது உயிரையும் கேட்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அலை வற்றிய பிறகு இன்னோர் இழப்பு. கடலோரத்தில் வடக்கு கிழக்குக்கு 200 மீற்றர் தடைவலயம் என்றார்கள். உள்ளே தள்ளிப் புது வீடுகள் எழுந்தன. அவற்றின் பத்திரங்கள் பல இடங்களில் “குடும்பத் தலைவர்” என்ற பெயரில், அதாவது கணவரின் பெயரில், எழுதப்பட்டன. தாய் மகளுக்குக் கொடுத்த வீடு கடலோடு போக, அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்த வீடு மருமகனின் சொத்தாகிவிட்டது. பாட்டி காலத்திலிருந்து வந்த உரிமையை ஒரு விண்ணப்பப் படிவம் அழித்தது. அந்தப் படிவம் நிரப்பப்பட்டபோது எத்தனை பெண்கள் அலுவலக மேசைக்கு முன்னால் நின்றார்கள்? மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கூடி, அனர்த்த நிவாரணத்தைக் கண்காணிக்க ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்தன. முகாம்களில் நடந்த வன்முறைகளைப் பதிவு செய்தன. வீட்டுப் பத்திரம் மனைவியின் பெயரில், அல்லது குறைந்தது கணவன் மனைவி இருவர் பெயரிலுமாவது வரவேண்டும் என்ற கோரிக்கையும் பெண்கள் தரப்பிலிருந்து எழுந்தது.

இப்படிக் கூடுவதற்கு ஏற்கெனவே ஒரு வழி போடப்பட்டிருந்தது. போரால் இடம்பெயர்ந்து கொழும்பில் முகாமிலிருந்த பெண்களோடு வேலை செய்ய 1991இல் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. காணாமற்போனவர்களைத் தேடி முகாம் முகாமாகப் பெண்கள் அலைந்துகொண்டிருந்த காலம் அது. சட்ட உதவி, உளத்துணை, வாழ்வாதாரம் என்பவற்றோடு “பெண்” என்ற சஞ்சிகையையும் சூரியா வெளியிட்டது. அதன் கலைக்குழு பாட்டோடும் நாடகத்தோடும் கிராமம் கிராமமாகப் போனது. ஓவியர் வாசுகி ஜெயசங்கர் போன்றோர் முன்னின்ற “சமதை” பெண்ணிலைவாத நண்பிகள் குழு ஓவியக் கண்காட்சிகளை நடத்தியது. மார்ச் 8 வந்தால் மட்டக்களப்பில் ஊர்வலமும் பாட்டும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் தூரத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் பஸ்ஸிலும் வானிலும் வந்துதானே சேர வேண்டும்? அந்த வரவே பலருக்கு முதல் பயணம்.

சங்கப் பயணம் என்றால் என்னென்ன என்று இனிப் பார்ப்போம். எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல.

மிக எளியது அலுவலகப் பயணம். களுவாஞ்சிக்குடிக்கு நாலைந்து பேர் சேர்ந்து போவது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் எங்கே இருக்கிறார், பொலிசில் பெண்கள், சிறுவர் பிரிவு எந்தப் பக்கம், நீதவான் நீதிமன்றத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பிரச்சினை வருவதற்கு முன்பே பார்த்துவைப்பது. சட்டத்தை வகுப்பில் சொன்னால் மறந்துபோகும். கட்டடத்தைப் பார்த்தால் நினைவிருக்கும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அடிபடும் பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை கொடுக்கலாம், 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிக்க வேண்டும், முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அடித்தவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் அந்தக் கட்டளையில் எழுதலாம். வீடு மனைவியுடையதாகவே இருக்கும் மட்டக்களப்பில் இந்தக் கடைசிப் பிரிவுக்குத் தனிப் பலம் உண்டு. அவள் பிள்ளைகளோடு ஓடிப்போய் எங்கோ ஒளியத் தேவையில்லை. ஆனால் இது தெரியாமல் இரவோடிரவாகத் தாய்வீட்டு மூலையைத் தேடிப் போகும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கமும் அரசிடம் இருக்கிறது. அதை வீட்டுக் கலண்டரில் எழுதிவைப்பது நல்லது.

காணியும் இதே போலத்தான். அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த காணிகளுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பொருந்தும். பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் ஒருவர் இறந்தால் மகள்மாருக்கு முன்னே மகன்மார் வருவார்கள் என்று அதன் அட்டவணை சொன்னது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் குடியேற்றக் காணிகளில் சொந்தம் உள்ளவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, வேறு ஊர்ப் பெண்களைப் பார்க்கப் போவது. இதற்குத் தூரம் போகத் தேவையில்லை. கைத்தறிக்குப் பெயர்போன முஸ்லிம் ஊரான மருதமுனை கிட்டத்தான் இருக்கிறது. தறிச்சத்தம் கேட்கும் வீட்டில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து, நூல் விலையையும் பிள்ளைகளின் படிப்பையும் பேசிவிட்டு வந்த தமிழ்ப் பெண்ணிடம் “அவங்க” என்று பொதுவாகச் சொல்லி எவரும் பயம் காட்டுவது கடினம். போர்க்காலத்திலும், 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகும், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய நாட்களில் மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இரு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தன. அது ஒரே நாளில் வந்த துணிச்சல் இல்லை. பல வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டதில் வந்தது.

கடன் விஷயத்தில் இந்தப் போக்குவரத்து இன்னும் முக்கியம். நுண்கடன் கம்பனிகள் பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு ஒருவர் பிணையாகக் கையெழுத்து வாங்கின. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நெருங்கிய சிநேகிதிகளைக் கடன் வசூலிப்பவர்களாக மாற்றிய முறை அது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. மட்டக்களப்பும் அதில் அடங்கும். 2021 மார்ச் 8இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி, ஐம்பது நாட்களுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். சிங்களக் கிராமத்துப் பெண்ணும் அதே கையெழுத்தால்தான் தூக்கமிழந்தாள் என்பது தெரியவரும்போது, தன் கெட்டித்தனக் குறைவால்தான் கடன் கூடியது என்ற குற்ற உணர்வு குறையும். குழு என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கும் பெண்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களிடம் மறுபடி நம்பிக்கை வர, கையெழுத்தே கேட்காத ஒரு சேர்க்கை வேண்டும். சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போகும் பயணம் அப்படியானது.

அதனால்தான் வெறும் சுற்றுலாவையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாசிக்குடாவில் அலை குறைந்த ஆழமற்ற கடலில் இறங்குவது, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பது, கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்ப்பது. இவற்றில் என்ன சமத்துவம் என்று கேட்பார்கள். பெரியகல்லாற்று ஆண் மாலையில் கடற்கரைக்குப் போய் உட்காரக் காரணம் சொல்வதில்லை. பெண்ணுக்கு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் காரணம் வேண்டும்: ஆஸ்பத்திரி, பாடசாலை, கோயில், செத்தவீடு. காரணமில்லாமல், வேறொருவருக்காக அல்லாமல், தனக்காகப் போய்வர உரிமை உண்டு என்பதை ஒரு நாள் அனுபவித்தால்தான் உணர முடியும். கடலில் இறங்கியவள் நீச்சலும் பழகட்டும். 2004 டிசம்பரை நினைத்துப் பார்க்கும் எவரும் அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளமாட்டார்கள்.

கடினமானது தெருவில் நடப்பது. 2022இல் நாடு எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது, மட்டக்களப்பு நகரில் பெண்கள் நீதிக்கான நடையைத் தொடங்கினார்கள். கோரிக்கைகளை எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நாளாந்தம், மாதக் கணக்கில் நடந்தார்கள். ஆடி மாதக் கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தைக் காட்டு வழியே நாட்கணக்காக நடந்துபோகும் பெண்களைக் கிழக்கு மாகாணம் காலங்காலமாக வழியனுப்பி வருகிறது. தண்ணீர் கொடுக்கும், அன்னதானம் கொடுக்கும். பெண்ணின் கால்களால் முடியாது என்று அப்போது எவரும் சொல்வதில்லை. நேர்த்திக்காக நடக்கிறவள் நியாயத்துக்காகவும் நடக்கலாம் என்பதை ஏற்கத்தான் தயக்கம்.

பயணத்தை ஒழுங்கு செய்வோருக்கும் சில வார்த்தை. பணம் முதலில். தொண்டு நிறுவனக் காசில் மட்டும் போனால் திட்டம் முடியும்போது பயணமும் முடியும். மாதாமாதம் சிறு தொகை சேர்த்து அதில் ஒரு பங்கு போட்டால் பயணம் பெண்களுடையதாக இருக்கும். வரமுடியாதவர்கள் யார் என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். கணவனை இழந்தவள் “நான் வந்தால் என்ன சொல்வாங்களோ” என்று பின்வாங்குவாள், மாற்றுத்திறனாளிக்கு வானில் ஏற இடமிராது, மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளின் பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாவுக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை.

மற்ற ஊர்களில் மருமகளை மாமியார் தடுப்பதாகச் சொல்வார்கள். இங்கே மகளுக்குப் பக்கத்திலேயே தாய் இருக்கிறார். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது பெற்ற தாய். அவருடைய பயத்துக்குக் காரணமும் உண்டு: சோதனைச்சாவடிகளையும் சுற்றிவளைப்புகளையும் கண்ட தலைமுறை அவர். அதனால் முதல் பயணத்துக்குத் தாய்மாரையே கூப்பிடுங்கள். களுவாஞ்சிக்குடி வரைக்கும் போதும். நீதிமன்ற வாசலையும் பிரதேச செயலகத்தையும் அவர்கள் பார்த்து வரட்டும். பிள்ளைகளை அன்றைக்கு மகள்மாரும் மருமகன்மாரும் பார்த்துக்கொள்ளலாம். மறுகா மகள்மார் போகும் நாளில் அம்மம்மாமார் பார்ப்பார்கள். இரண்டாம் பயணத்துக்கு வான் பேசும்போது வழியில் நின்று கேள்வி கேட்க வீட்டில் ஒருவர் குறைவாக இருப்பார்.