சித்திரையும் சித்ராவும்

சித்திரை மாதத்தை வைத்து வந்த பெயர்தான் சித்ரா என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் இரண்டுமே ஒரு நட்சத்திரத்தின் பெயர். ஆங்கிலத்தில் ஸ்பைகா. முழுநிலவு அதனருகே வரும் மாதம் சித்திரை. ஒளிர்வது, பல வண்ணமுடையது என்று பொருள். 'சித்திரம்' என்பதும் இதே வேர்தான்.

என் அத்தை தலைமுறையில் தெருவுக்கு இரண்டு சித்ரா உண்டு. ஆனால் சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாதென்று ஆடியிலேயே புதுத் தம்பதியைப் பிரித்துவைத்ததும் அதே தெருதான்! (கத்திரி வெயிலில் பிரசவம் கடினம் என்பதால் வந்த வழக்கமாக இருக்கலாம்.) அமெரிக்கர்களுக்கு இந்தத் தயக்கமில்லை. 1970களில் ஏப்ரல் இங்கே பெண் பெயர்களில் முன்வரிசையில் இருந்தது.

மான்மவுத் ஜங்ஷனில் எங்களுக்கு வரும் சித்திரையில் பிரசவம். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் மாதத்தைச் சொல்லிக் கவலைப்பட்டாள். பெண் பிறந்தால் சித்ரா என்று வைக்கப்போகிறோம் என்றேன்.

"பேரு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.