ஈயம் பூசிய விமானம்

அருங்காட்சியகத்தில் நிற்கும் எண்பது வயது விமானம் எப்படி உதிர்ந்து போகாமல் நிற்கிறது? பதிலைப் பித்தளைப் பாத்திரத்திலிருந்து தொடங்கலாம். பித்தளை உறுதியானது, அடுப்பின் சூட்டைத் தாங்கும். ஆனால் புளி பட்டால் களிம்பேறும். அதனால் உட்புறம் ஈயம், அதாவது வெள்ளீயம், பூசுகிறோம். பாத்திரத்துக்கு உறுதி தருவது பித்தளை, அதைக் காப்பது ஈயம்.

விமானத்தின் மேல்தகடும் இப்படித்தான் வேலை செய்கிறது. சுத்தமான அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், அதற்கு மேல் அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. ஆனால் மிருதுவான உலோகம், இறக்கையின் பாரத்துக்கு ஈடுகொடுக்காது. 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் ஒரு வழி கண்டார். அலுமினியத்தில் சுமார் 4 சதவீதம் செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்து, சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, சில நாள் அப்படியே விட்டால் அது தானாகவே கெட்டிப்படுகிறது. அந்தக் கலவைக்கு டூராலுமின் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின் உலோக விமானங்களில் பெரும்பாலானவை இதன் வழிவந்த கலவைகளால் ஆனவை.

உறுதி தந்த செம்புதான் வினையும் வைக்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால், செம்பு செறிந்த துகள்களைச் சுற்றியுள்ள அலுமினியம் கரையத் தொடங்குகிறது. அரிப்பு உலோக மணிகளின் இடுக்குகளில் புகுந்து தகட்டை ஏடு ஏடாகப் பிரிக்கும். வெளியே கொஞ்சம் வெள்ளைப் பொடிதான் தெரியும். அதற்குள் உள்ளே வலிமை போயிருக்கும்.

இதற்கு 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கண்ட மருந்து, நம் ஈயப் பூச்சின் தத்துவம்தான். கலவைத் தகட்டின் இருபுறமும் சுத்தமான அலுமினியத்தை வைத்து, சூட்டில் உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஒட்டினார்கள். அல்கிளாட் எனப்படும் இந்தத் தகட்டில் பூச்சின் பங்கு, ஒவ்வொரு பக்கமும் மொத்தத் தடிமனில் 2.5 முதல் 5 சதவீதம்தான். கீறல் விழுந்த இடத்தில்கூட, பூச்சு தான் முதலில் கரைந்து உள்ளே இருப்பதைக் காக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் பாத்திரம் கொடுத்து வைத்தது. ஈயம் தேய்ந்தால், பூசுகிறவர் வந்து நவச்சாரம் தூவி, பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்துப் புதிதாகப் பூசிவிடுவார். விமானத்துக்கு அப்படி ஒருவர் கிடையாது. தகடு ஆலையில் இருந்தபோது ஏறிய பூச்சு அது. போனால் போனதுதான்.

இதனால்தான், வர்ணம் பூசாத வெள்ளி நிற விமானத்தைப் பளபளவென்று தேய்த்து வைப்பதைப் பார்த்தால் அருங்காட்சியகப் பராமரிப்பாளர்கள் பதறுகிறார்கள். புளி போட்டுத் தேய்த்த பித்தளை மின்னுவது, அதன் மேல்பரப்பு கொஞ்சம் போனதால். விமானத்திலும் ஒவ்வொரு பாலிஷும் அந்தக் காப்பிலிருந்து ஒரு துளியை எடுத்துவிடுகிறது. கண்காட்சிகளில் கண்ணாடி போல் மின்னும் விமானங்களை எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அந்த மினுக்கு, விமானத்தின் ஆயுளிலிருந்து எடுத்த கடன்.

தேய்ப்பது மட்டுமல்ல, பூசுவதும் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. சார்லஸ் லிண்ட்பெர்க் 1927-ல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ வாஷிங்டனில் இருக்கிறது. அதன் மூக்குப் பகுதி பொன்னிறமாகத் தெரியும். அது அசல் நிறம் அல்ல. அங்கே வரைந்திருந்த கொடிகளைக் காப்பதற்காக, விமானம் வந்த புதிதில் நல்லெண்ணத்தோடு ஒரு தெளிந்த வார்னிஷைப் பூசினார்கள். காலப்போக்கில் அது மஞ்சளாகிவிட்டது. பின்னால் வருகிறவர் கழற்ற முடியாததை எதையும் செய்யாதே என்பது இன்று அருங்காட்சியகங்களில் முதல் விதி.

களிம்பேறிவிட்ட ஒன்றை மீட்க முடியுமா? 1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானம், எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்தது. அந்த வகையில் ஓரளவு முழுதாக எஞ்சியது அது ஒன்றுதான். 2013 ஜூன் 10 அன்று அதைத் தூக்கி எடுத்தார்கள். ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது: உலோகத்தின் துளைகளில் ஊறியிருந்த குளோரைடு உப்பு, காற்றுப் பட்டதும் வேகமாக அரிக்க ஆரம்பிக்கும். காஸ்ஃபோர்டில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில், பாலித்தீன் கூடாரங்களுக்குள் வைத்து அதன்மேல் ஒரு கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள் வகுத்த அந்தக் கரைசலின் முக்கியப் பொருள் சிட்ரிக் அமிலம். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே அமிலம்தான். கடல் படிவு இளகி உப்பு வெளியேற வேண்டும், ஆனால் அலுமினியம் கரையக் கூடாது. அதற்காகச் சோடியம் ஹைட்ராக்ஸைடு சேர்த்துப் புளிப்பின் வேகத்தை மட்டுப்படுத்தினார்கள். எலுமிச்சை மூடியால் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு உடனே கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

கூரைக்குள் நிற்கும் விமானத்துக்கு மற்ற வேலைகள் எளிமையானவை. எரிபொருளை வடித்துவிடுவார்கள். விமானியை அவசரத்தில் வெளியேற்றும் இருக்கையின் வெடிமருந்தை எடுப்பார்கள். இருட்டில் ஒளிரும் ரேடியம் பூசிய பழைய மானிகளைச் சோதிப்பார்கள். டயர்கள் அமுங்கி வெடிக்காதபடி உடலைத் தாங்கிகளில் ஏற்றுவார்கள். ஈரப்பதத்தையும் வெயிலையும் அடக்கி வைப்பார்கள்.

பறக்கும் பழைய விமானத்தின் கதை வேறு. தினம் புழங்கும் பாத்திரத்தின் கோளாறு அன்றைக்கே கண்ணில் படும். பரணில் கிடப்பதன் ஓட்டை கீழே இறக்கும்போதுதான் தெரியும். பறக்கும் விமானத்தை இடைவிடாமல் பிரித்துப் பார்க்கிறார்கள், பாகம் மாற்றுகிறார்கள், கைத்தொழில் சாகாமல் இருக்கிறது. அந்தத் தொழில் தேய்ந்தால் பறப்பதும் நின்றுவிடும்: பிரிட்டனின் வல்கன் எக்ஸ்.எச். 558 குண்டுவீச்சு விமானம் 2015 அக்டோபரில் நிரந்தரமாகத் தரையிறங்கியதற்குக் காரணம், அதன் பொறியியல் பொறுப்பை ஏற்றிருந்த நிறுவனங்கள் விலகியதுதான்; அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் பறப்பதற்கு ஒரு விலை உண்டு. 2022 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டல்லஸ் விமானக் கண்காட்சியில் பி-17 விமானமும் பி-63 விமானமும் நடுவானில் மோதின. ஆறு பேர் இறந்தார்கள். அபூர்வமான இரண்டு விமானங்களும் இல்லாமல் போயின.

என் முடிவு இதுதான்: ஒன்றே ஒன்று எஞ்சியிருந்தால் பறக்கவிடக் கூடாது, உடன்பிறப்புகள் பல இருந்தால் பறக்கட்டும். டகோட்டா என்ற போக்குவரத்து விமானம் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. பிரிட்டனில் பழுதுபார்த்து 2018-ல் நம் விமானப்படைக்கு வந்து சேர்ந்த ‘பரசுராமா’ டகோட்டா, 1947-ல் ஸ்ரீநகருக்கு வீரர்களைக் கொண்டுபோன விமானத்தின் எண்ணைத் தாங்கியிருக்கிறது. அதே விமானம் இல்லைதான். ஆனால் அந்த இரட்டை எஞ்சினின் ஓசையை இன்று ஒரு குழந்தை கேட்கிறதே, அதற்காகவே அது பறக்கலாம்.

எனக்கு உண்மையான கவலை, வானமும் கிடைக்காத, கூரையும் கிடைக்காத விமானங்களைப் பற்றி. ஹிரோஷிமாவில் குண்டு வீசிய ‘எனோலா கே’யே 1953 முதல் 1960 வரை ஒரு தளத்தில் திறந்தவெளியில் நின்றது. பறவைகள் உள்ளே கூடு கட்டின, நினைவுப் பொருள் தேடியவர்கள் பாகங்களைக் கழற்றினார்கள். 1984-ல் தொடங்கிய மீட்பு வேலைக்குச் சுமார் 3 லட்சம் மணி நேர உழைப்பு ஆனது. அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017-ல் ஓய்வுபெற்ற துப்பலேவ் 142 விமானம், இப்போது விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில், உப்புக் காற்றின் நேர்வழியில் நிற்கிறது. நாடெங்கும் கல்லூரி வாசலிலும் நாற்சந்தியிலும் எத்தனையோ விமானங்கள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. அவற்றுக்கு வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை: நல்ல தண்ணீரில் கழுவுவது, வடிகால் துளைகளை அடைபடாமல் வைப்பது, பறவை புகும் வழியை மூடுவது, உரியும் வர்ணத்தை உடனே சரிசெய்வது. நினைவுச் சின்னமாக விமானம் கேட்கும் கல்லூரிகளும் மாநகராட்சிகளும் முதலில் ஒரு கூரையைப் போடட்டும், பிறகு விமானத்தைக் கேட்கட்டும்.