பக்கி வண்டிப் பெட்டிகள்: அன்றும் இன்றும்

பக்கி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் மூத்தோர் வாயிலாக நாம் கேள்வியுற்ற குதிரை வண்டியே மனக்கண்ணில் தோன்றும். ஈண்டு நாம் பேசப் புகுந்த பக்கி அதுவன்று. ஏறக்குறைய 40 சதமமீற்றர் நீளமும், உண்மை வண்டியிற் பத்திலொரு பங்கு அளவும் உடைய சிறு மோட்டர் வண்டி இது. பற்றரியினால் ஓடுவது, தூரத்தில் நிற்பவர் கையிலுள்ள கருவி அனுப்பும் வானொலி அலைகளுக்குக் கட்டுப்பட்டு மணலிலும் புல்லிலும் பாய்ந்து செல்வது.

இதனை விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் இதில் ஈடுபட்டோர் முகஞ் சுளிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போது அது வண்டியாக வருவதில்லை. ஒரு பெட்டி நிறைந்த துண்டுகளாகவே வருகின்றது. பற்சில்லு, அச்சுத்தண்டு, சுருள்வில், திருகாணி என நூற்றுக்கணக்கான உறுப்புக்களையும் ஒரு விளக்கப் புத்தகத்தையும் முன்னே பரப்பி வைத்துக்கொண்டு, வாங்கியவரே பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு அதனைக் கட்டி முடித்தல் வேண்டும். ஓட்டும் இன்பம் பாதி. கட்டும் இன்பம் மற்றைப் பாதி. கட்டும் இன்பமே பெரிதென்பார் பக்கத்தில் நாம் நிற்கின்றோம்.

யப்பானிலாயினும் இங்கிலாந்திலாயினும் அமெரிக்காவிலாயினும், இப்பொழுதுபோக்கில் ஊறியவர்கள் சில காலமாக ஒரே குறையைச் சொல்லி வருகின்றனர். புதிய பெட்டிகள் பழையவை போல இல்லை என்பதே அக்குறை. அது மெய்யானதா, அன்றி இளமையை இழந்தோர் எக்காலத்தும் பாடும் பாட்டா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வண்டிகளின் பிறப்பிடம் கலிபோர்ணியாவின் கடற்கரை மணல் எனலாம். 1964 ஆம் ஆண்டில் புறூஸ் மெயேர்ஸ் என்பார் வொக்ஸ்வாகன் காரின் பொறியுறுப்புக்களைக் கொண்டு, கண்ணாடிநாரினாலாய இலேசான உடலமைத்து, மெயேர்ஸ் மாங்ஸ் என்னும் மணற்பக்கியை உருவாக்கினார். 1967 இல் மெக்சிக்கோவின் பாஹா குடாநாட்டில் நடந்த நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் அவ்வண்டியே வெற்றியீட்டியது. அதனைச் சிறிதாக்கி உலகெங்கும் பரப்பிய பெருமை யப்பானியரைச் சாரும். ஷிசுவோக்கா நகரில் 1946 இல் மரவாணிபமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், பின்னர் மரத்தால் மாதிரிகள் செய்து, அதன்பின் பிளாத்திக்குக்கு மாறி, 1976 இல் போர்ஷ் 934 என்னும் பந்தயக் காரின் மாதிரியை வானொலியால் இயங்கும்படி வெளியிட்டது. 1979 இல் றஃப் றைடர், சான்ட் ஸ்கோர்ச்சர் என்னும் இரு பக்கிகள் தோன்றின. அவற்றின் முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பு உண்மையான வொக்ஸ்வாகனின் அமைப்பையே பின்பற்றியது. உறுப்புக்கள் பல உலோக வார்ப்பு. அடித்தட்டோ கண்ணாடிநார்ப் பலகை. 1982 இல் கியோஷோ நிறுவனத்தின் ஸ்கோர்ப்பியனும், 1983 இல் தமியாவின் ஃபுறொக்கும், 1984 இல் கிறாஸ்ஹொப்பரும் ஹோனற்றும் வந்தன. தேள், தவளை, வெட்டுக்கிளி, குளவி என ஊர்வனவும் தத்துவனவும் பறப்பனவும் வண்டிகளுக்குப் பெயராயின. அதே 1984 இல் அமெரிக்காவிலிருந்து அசோசியேற்றெட் நிறுவனத்தாரின் ஆர். சீ. 10 வந்தது. பொன்னிற அலுமினியத் தட்டையுடைய அவ்வண்டி, 1985 இல் கலிபோர்ணியாவில் நடந்த உலகப் போட்டியில், பின்சில்லுகளால் மாத்திரம் இயங்குவனவற்றின் பிரிவில் வாகை சூடியது.

அக்காலத்துப் பெட்டி ஒரு சிறுவனுக்கு என்ன கற்பித்தது என்பதைச் சொல்லாவிடின், இன்றைய ஏமாற்றத்தின் ஆழம் விளங்காது. டிபரென்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடுதலான தூரம் ஓடுகின்றது. உட்புறச் சில்லு குறைந்த தூரம் ஓடுகின்றது. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டினால் ஒன்று நிலத்தில் வழுக்கியே தீரும். இதனைத் தவிர்ப்பதற்காக நடுவே சாய்ந்த பற்களையுடைய சிறு சில்லுகள் சில வைக்கப்படுகின்றன. இதனைக் கரும்பலகையிற் படமாகக் கண்டு மனனஞ் செய்தோர் பலர். பெட்டியைத் திறந்து, கொழுப்புப் பூசி, அச்சிறு சில்லுகளைத் தன் விரலாலேயே உள்ளே வைத்து மூடிய பன்னிரண்டு வயதுச் சிறுவனோ, ஒரு பக்கச் சில்லை முன்னே சுழற்றுகின்றான். மறுபக்கச் சில்லு பின்னே சுழல்கின்றது. பிழையாகப் பூட்டிவிட்டேனோ என்று முதலில் அஞ்சுகின்றான். பின்னர்ச் சிந்திக்கின்றான். அன்று அவன் விளங்கிக்கொண்டதை எப்பரீட்சையும் அவனிடமிருந்து பறிக்க முடியாது.

அச்சிறுவர்கள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய காலத்தில் நிறுவனங்களும் பழைய பெயர்களை மீளக் கொண்டுவந்தன. 2004 இல் ஹோனற்றும், 2005 இல் கிறாஸ்ஹொப்பரும் ஃபுறொக்கும், 2010 இல் சான்ட் ஸ்கோர்ச்சரும், 2014 இல் ஸ்கோர்ப்பியனும் மறுபிறப்பெடுத்தன. இவற்றோடு வேறு பலரும் புதிய பெட்டிகளைச் சந்தைக்கு அனுப்பினர். அவற்றுள் ஒன்றை நாமும் வாங்கினோம். செய்தவர் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை.

முதன்மாலை இனிதே கழிந்தது. இரண்டாம் மாலை பின்சில்லைத் தாங்கும் கையைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்தபோது, அதன் விளிம்பெங்கும் மெல்லிய சவ்வுபோன்ற பிளாத்திக்குப் படர்ந்திருக்கக் கண்டோம். கத்தியாற் சீவினோம். கையைத் தண்டிற் கோத்தால் அது விரல் பட்டவுடன் பக்கவாட்டில் ஆடியது. மூன்றாம் மாலை பற்சில்லுப் பெட்டியின் இரு பாதிகளையும் சேர்த்துத் திருகாணிகளை முடுக்கினோம். மூன்று இறுகின. நான்காவது இறுகாமலே சுழன்றுகொண்டிருந்தது. நாற்பதாண்டுப் பழமையான வண்டியொன்று எம் அலுமாரியில் உண்டு. அதனை எத்தனை முறை கழற்றிப் பூட்டியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அதன் திருகாணிகள் இன்றும் இறுகுகின்றன. அந்த இரவில் எமக்கு எழுந்தது கோபமன்று; ஆவலோடு பார்க்கச் சென்ற பழைய நண்பர் எம்மை அடையாளங் காணாதது போன்ற ஓர் உணர்ச்சி.

இவை நிகழ்வது ஏன்? உருக்கிய பிளாத்திக்கைப் பேரழுத்தத்துடன் உருக்கு வார்ப்பச்சினுட் செலுத்தி, ஆறியபின் வெளியே தள்ளுவதே இவ்வுறுப்புக்களைச் செய்யும் முறை. வார்ப்பச்சின் இரு பாதிகளும் சந்திக்கும் விளிம்பு காலப்போக்கில் தேய்ந்தால், அவ்விடுக்கினூடே பிளாத்திக்குக் கசிந்து மேற்சொன்ன சவ்வாகின்றது. கண்ணாடிநார் கலந்த நைலோன் உருக்கையும் விரைவாய் அராவுவது. அச்சைத் திருத்துதல் பெருஞ்செலவு, ஆதலால் ஒத்திப்போடப்படுகின்றது. ஆறவேண்டிய நேரமும் காசுதான். சில விநாடிகளை மிச்சம்பிடித்து உறுப்பைச் சூட்டுடன் வெளியே தள்ளினால் அது சீரின்றிச் சுருங்கிக் கோணுகின்றது. துளைகள் தம் அளவினின்றும் பிறழ்கின்றன. பிளாத்திக்கில் திருகாணிக்கு முன்னரே புரி வெட்டப்படுவதில்லை. திருகாணியே முதன்முறை செல்லும்போது தன் புரியை வெட்டிக்கொள்கின்றது. ஆகவே துளை மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு பெருத்தாலும் பிடிமானம் போய்விடும். பழைய பெட்டியைச் செய்தவர்க்கு ஏதோ மந்திரந் தெரிந்திருந்தது என்று எண்ண வேண்டியதில்லை. புதிய அச்சும் போதிய நேரமுமே அவர்களிடம் இருந்தவை.

குற்றம் முழுவதையும் செய்தவர் தலையிற் சுமத்துதலும் நீதியன்று. கழற்றிய திருகாணியை மீளப் பூட்டும்போது, முதலில் அதனைப் பின்பக்கமாக மெல்லச் சுழற்றினால், பழைய புரியில் அது இறங்கும் சிறு தட்டல் கைக்குப் புலப்படும். அதன்பின்னரே முடுக்குதல் வேண்டும். இதனைச் செய்யாது நேரே முடுக்குவோர் ஒவ்வொரு முறையும் புதுப்புரி வெட்டித் துளையை அழிக்கின்றனர். மேலும், யப்பானியத் திருகாணியின் சிலுவைப் பள்ளம் நம் வீடுகளிற் கிடக்கும் சாதாரண ஸ்குறூ டிறைவரின் நுனிக்கு முற்றும் பொருந்துவதன்று. பொருந்தாததைக் கொண்டு பள்ளத்தை அரைத்துவிட்டு, திருகாணி மெதுவானது என்று பழிப்பவரை நாம் அறிவோம். ஒருகாலத்தில் நாமும் அவ்வாறு பழித்தவரே.

நினைவும் நடுவுநிலை தவறும். அன்றைய பெட்டிகளிற் குறைகள் இல்லாமலில்லை. முதல் ஃபுறொக்கின் பின்சில்லுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டுகளின் அறுகோண நுனிகள் தேய்ந்து உருண்டு நழுவும். 2005 இல் மீண்டும் வந்தபோது அவ்வமைப்பு மாற்றப்பட்டது. அது திருத்தமேயன்றித் தாழ்வன்று. உலோக வார்ப்பு உயர்ந்தது, பிளாத்திக்கு இழிந்தது என்னுங் கூற்றும் எப்போதும் பொருந்தாது. கல்லில் மோதும்போது வார்ப்பு முறியும். நைலோன் வளைந்து மீளும்.

மின்சாரப் பகுதியிலோ இன்றைய நிலை ஒப்பற்றது. முன்னாளில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது ஒரு தடைக்கம்பி; மெதுவாக ஓட்டினால் மிகுதி மின்சாரம் வெப்பமாக வீணாகும், தொட்டவர் விரல் சுடும். இன்று அப்பணியை ஒரு சிறு இலத்திரன் கருவி ஆற்றுகின்றது. முன்னாளில் 27 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் இருவர் ஒரே பளிங்கை உபயோகித்தால் ஒருவர் வண்டி மற்றவர் சொற்கேட்டு ஓடும், 2.4 கிகாஹேட்ஸ் கருவிகள் வந்தபின் அத்தொல்லை ஒழிந்தது. மின்சாரம் வளர்ந்த இடத்தில் திருகாணித்துளை தேய்ந்தது என்பதே எமது முறைப்பாட்டின் சாரம்.

இதனினும் பெரியதொரு மாற்றம் கடைகளில் நிகழ்ந்துள்ளது. கட்டிமுடித்த வண்டிகள் பெருகி, துண்டுகளாக வரும் பெட்டிகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டன. வாங்கிய அன்றே ஓட்டலாம் என்பது சிறுவர்க்கு இன்பமே. ஆனால் தான் கட்டாததைத் தான் திருத்துவது எப்படி? உடைந்த வண்டி கட்டிலின் கீழே போய்ச் சேர்கின்றது. அவற்றுட் சிலவற்றைத் திருத்தித் தரும்படி எம்மிடம் கொண்டுவந்தனர். திறந்து பார்த்தால், சொக் அப்சோபர்களில் எண்ணெய் பாதியளவும் இல்லை. பற்சில்லுகளிற் கொழுப்புப் பூசியதற்கு ஓர் அடையாளம் மாத்திரம் இருந்தது. வீட்டிற் கட்டுபவர் தாம் ஓட்டப்போகும் வண்டியில் இவ்வாறு செய்யார்.

உதிரியுறுப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. எமக்கு வேண்டியிருந்தது பற்சில்லுப் பெட்டியின் ஒரு பாதி. அது தனியே விற்கப்படுவதில்லை என்றும், பத்துறுப்புக்கள் சேர்ந்த முழுச்சட்டத்தையே வாங்கவேண்டும் என்றும் கடைக்காரர் சொன்னார். வாங்கவில்லை. மெல்லிய சுப்பர் குளூவில் ஒரு துளியைத் துளையின் உட்சுவரில் ஓடவிட்டு, ஓரிரவு முழுவதும் காயவைத்து, மறுநாள் திருகாணியை மெல்லச் செலுத்தினோம். பிடித்துக்கொண்டது. ஆடிய கைக்கு மெல்லிய பித்தளை வளையம் ஒன்றை இடையிலிட்டோம்.

எஞ்சியது அச்சுத்தண்டுகளைத் தாங்கும் வளையங்கள். போல் பெயாரிங் இருக்கவேண்டிய இடத்துக்குப் பெட்டியிற் கிடைத்தவை பிளாத்திக்கு வளையங்களே. மணல் புகுந்தால் அவை ஒரே பருவத்திற் பெருத்துத் தண்டையுந் தின்றுவிடும். இது இன்று தோன்றிய சிக்கனமன்று. 1980களிலும் மலிவான பெட்டிகளில் இதுவே வழக்கம். அன்று போல் பெயாரிங் விலையேறிய பொருள், அதனால் ஏற்றுக்கொண்டோம். இன்று அது மலிந்து கிடக்கையிலும் பெட்டிக்குள் வராதது ஏனென்று எமக்கு விளங்கவில்லை. வெளியே வாங்கிப் பொருத்தினோம். வண்டி இப்போது நன்றாகவே ஓடுகின்றது. நான்காந் திருகாணியும் இதுவரை கழரவில்லை. பிளாத்திக்கு வளையங்கள் பிரிக்கப்படாத பையுடன் மேசை லாச்சியிற் கிடக்கின்றன.