மருந்தின் அளவும் நேரமும்

1941ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரில், கிருமிகளின் தாக்குதலால் உயிருக்குப் போராடிய போலீஸ்காரர் ஒருவருக்குப் பெனிசிலின் செலுத்தப்பட்டது. சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது. ஆனால் மருந்துக் கையிருப்போ மிகச் சொற்பம். அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே செலுத்தினர். அதுவும் தீர்ந்தபின் நோய் மீண்டும் தலைதூக்கியது, அவர் இறந்தார்.

இன்று பெனிசிலின் ஏராளமாகக் கிடைக்கிறது. எனினும், செலுத்திய மருந்தைச் சிறுநீரகங்கள் இடைவிடாமல் வெளியேற்றும் இயல்பு மாறவில்லை. ஆகவே, தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்தைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. இரத்தத்தில் அது போதிய அளவில் நிலைத்திருக்கவும் வேண்டும்.

கடும் நோயாளியின் உடல் ஒரே நிலையில் இருப்பதில்லை. கிருமித் தாக்கத்தால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. நீரில் கரையும் மருந்து அதனுடன் பரவி நீர்த்துப்போகிறது. விபத்தில் அடிபட்ட இளைஞர் சிலருக்குச் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட விரைவாக இயங்கி மருந்தை வெளியேற்றிவிடும். வேறு சிலருக்கு அவை செயலிழந்து, மருந்து உடலில் தேங்கி நஞ்சாகும். ஒரே அளவு மருந்து ஒருவருக்குக் குறைவாகவும் மற்றொருவருக்கு மிகையாகவும் ஆவது இதனால்தான். எனினும், முதல் வேளை மருந்தைக் குறைக்காமல் முழு அளவில் தருவதே பொதுவான முறை; பிந்திய வேளைகளே சிறுநீரகத்தின் நிலைக்கேற்பத் திருத்தப்படுகின்றன.

மருந்துகளின் இயல்பும் வேறுபடும். அமிக்காசின், ஜென்டாமைசின் போன்றவை இரத்தத்தில் உயர்ந்த அளவை எட்டும்போது கிருமிகளை நன்கு கொல்லும். எனவே அவற்றைப் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரு முறை முழு அளவாகத் தருவர். பெனிசிலின் இனத்தைச் சேர்ந்தவையும் மெரோபெனமும் தேவையான அளவில் நெடுநேரம் நீடித்தால்தான் பயன் தரும். ஆதலால் அவற்றைச் சிறிது சிறிதாக, பல மணி நேரம் நரம்புவழிச் செலுத்தும் முறை வந்துள்ளது.

2024ஆம் ஆண்டில் வெளியான, 7 நாடுகளில் நடந்த ஆய்வில் சுமார் 7,000 நோயாளிகள் பங்குபெற்றனர். 90 நாட்களுக்குள் இறந்தோர், தொடர்ந்து மருந்து பெற்றவர்களில் 24.9 சதவீதம், இடைவெளி விட்டுப் பெற்றவர்களில் 26.8 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். ஆனால் இதையும் சேர்த்து 18 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்தபோது, நீடித்துச் செலுத்தும் முறையில் இறப்பு குறைவதாகத் தெரிந்தது.

மருந்தின் பெயரை அறிவது பாதி. நோயாளிக்கேற்ற அளவையும் நேரத்தையும் அறிவது மறுபாதி. மருத்துவர் குறித்த அளவைக் குறைப்பதும், வேளை தவறுவதும் ஏன் தீங்கு என்று மக்களுக்கும் மாணவர்க்கும் விளக்குவோருக்கு இதுவே விடையாகும்.